ஒரே போர், வீட்டுக்குள் நாலு கருத்து: ஏன் இப்படி?

பெரம்பலூரைத் தாண்டி சென்னை நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் போனால் ரஞ்சன்குடி கோட்டை. 1751-ல் இந்தப் பக்கம்தான் வாலிகண்டபுரம் சண்டை நடந்தது. ஆற்காடு நவாப் பதவிக்கு மோதியவர்களில் சந்தா சாகிபுக்கு பிரெஞ்சுக்காரர்கள் துணை, முகமது அலிக்கு ஆங்கிலேயர்கள் துணை. இன்று அங்கே செல்ஃபி எடுப்பவரிடம் ‘நீங்க யார் பக்கம்?’ என்று கேட்டால் சிரித்துவிடுவார்.

அதே கேள்வியை இலங்கைப் போர் பற்றி வீட்டில் கேட்டுப் பாருங்க. யாரும் சிரிக்க மாட்டார்கள். ஆளுக்கு ஒரு பதில் வரும்.

வயசுக்கும் கருத்துக்கும் என்ன தொடர்பு?

பதின்பருவத்திலும் இருபதுகளிலும் நடந்த சம்பவங்களைத்தான் மக்கள் முக்கியமானவையாக நினைவில் வைக்கிறார்கள் என்றது, ஷூமன், ஸ்காட் என்ற சமூகவியலாளர்கள் அமெரிக்காவில் நடத்தி 1989-ல் வெளியிட்ட ஆய்வு. நம்ம ஊர் வரிசையைப் பார்ப்போம்.

* 1983-ல் 20 வயது: கறுப்பு ஜூலை, படகில் வந்து இறங்கிய அகதிகள். போராளிகள் மீது அனுதாபம்.

* 1991-ல் 20 வயது: ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொலை. அனுதாபத்தில் விழுந்த பெரிய விரிசல். அடுத்த ஆண்டே புலிகள் அமைப்புக்கு இந்தியாவில் தடை.

* 2009-ல் 20 வயது: முள்ளிவாய்க்கால். ‘நம்மால தடுக்க முடியலையே’ என்ற குற்றவுணர்ச்சி. 2013 மாணவர் போராட்டத்தில் தெரிந்தது அதன் தொடர்ச்சி.

* இப்போது 20 வயது: போர் முடிந்தபோது குழந்தை. தெரிந்ததெல்லாம் சினிமா, ரீல்ஸ், மேடைப் பேச்சு.

அப்போ எல்லாமே வயசுதானா?

இல்லை. கட்சி, குடும்பம், படித்த புத்தகம் எல்லாமே சேரும். ஆனால் வாதம் எந்தக் காட்சியில் தொடங்குகிறது என்பதை வயசு பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

இது ஏன் முக்கியம்?

நேரில் பார்த்த தலைமுறைகள் போன பிறகு, எந்தப் போரும் ரஞ்சன்குடி கோட்டை மாதிரி ஆகிவிடலாம். ஆனால் இலங்கைப் போருக்கு இன்னும் அந்தக் கட்டம் வரவில்லை. 2021-ல் ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாறிய முகாம்களில், இங்கேயே பிறந்தும் இந்தியக் குடியுரிமை இல்லாமல் இளைஞர்கள் இருக்கிறார்கள். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தின் பட்டியலில் இலங்கை இல்லை.

அவர்களுக்கும் இருபது வயசுதான். நமக்குப் பழைய போர், அவர்களுக்கு இன்றைய முகவரி.