தொப்பியும் வலந்தலையும்



மும்பை தாராவியின் 90 அடி ரோட்டிலிருந்து ஒரு வாசகி போன மாதம் எழுதியிருந்தார். நம் இதழுக்கு வரும் கடிதங்களில் பாதி சிறுகதையைப் பற்றியவை, மீதி குறுக்கெழுத்தைப் பற்றியவை. இது இரண்டிலும் சேராது. “அண்ணாச்சி, தீபாவளிக்கு சவுண்ட்பார் வாங்கணும்னு பையன் ஒத்தக்கால்ல நிக்கான். அட்மாஸ்தான் வேணுமாம். அத்தைக்கு சீரியல்ல என்ன பேசுதாங்கன்னே வெளங்கல. எங்க வீடு பத்துக்குப் பத்து. எத வாங்கட்டும்?”

இதழாசிரியருக்கு எல்லாம் தெரியும் என்று நம்புகிற வாசகர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதே பெரிய ஆறுதல். இந்த ஒரு விஷயத்தில் அந்த நம்பிக்கை முழுக்க வீணில்லை. செம்பூரில் என் வீட்டில் இதே வேலையை இரண்டு முறை செய்து, முதல் முறை நன்றாகச் சூடுபட்டவன் நான்.

முதலில் அந்த அத்தையின் பக்கம் நின்று பேசுகிறேன். அவருக்குக் காது மந்தம் என்று வீட்டில் முடிவு கட்டியிருப்பார்கள். கொஞ்சம் இருக்கலாம். வயதானால் முதலில் போவது கீச்சென்ற மெல்லிய ஒலிகள். ச, த, ப என்று சொல்லுக்கு முனை கொடுப்பவை அவைதான். சத்தம் கேட்கும், சொல் பிடிபடாது. ஆனால் பாதிப் பழி டிவியைச் சேரும். சாலிடேர், டயனோரா காலத்துப் பெட்டிகள் நினைவிருக்கிறதா? இரண்டு ஆள் சேர்ந்து தூக்க வேண்டிய கனம். அந்தப் பெட்டிக்குள் ஸ்பீக்கருக்கு இடம் இருந்தது, பெரும்பாலும் அது நம் முகத்தைப் பார்த்தும் இருந்தது. ஞாயிறு மதியம் தூர்தர்ஷனில் மாநில மொழிப் படங்கள் போடுவார்கள். எப்போதாவது தமிழுக்கு முறை வரும். அன்றைக்கு ஒரே வீட்டில் பதினைந்து பேர் குவிந்து உட்கார்ந்தோம். பின்வரிசைக்கும் வசனம் கேட்டது.

இப்போதைய டிவி விரல் தடிமன். ஸ்பீக்கரை வைக்க இடமில்லாமல் அடியிலோ முதுகிலோ ஒட்டியிருக்கிறார்கள். கதாநாயகி பேசுவது முதலில் சுவருக்குப் போய், அதில் மோதி, அப்புறம் நமக்கு வருகிறது. ஐம்பது அங்குல டிவியிலும் பெரும்பாலும் பத்து வாட் ஸ்பீக்கர் இரண்டுதான். படம் பெரிதாகப் பெரிதாகக் குரல் சிறுத்துக்கொண்டே வந்திருக்கிறது.

படங்களும் மாறிவிட்டன. அந்தக் காலத்தில் வசனத்தை ஒலிப்பதிவுக் கூடத்தில் நின்று தெளிவாகப் பேசிச் சேர்த்தார்கள். எல்லாம் ஒரே தடத்தில் வரும். இன்று நடிகர்கள் முணுமுணுக்கிறார்கள், அதுதான் இயல்பான நடிப்பு என்கிறோம். இசையும் வெடியும் வசனமும் தனித்தனித் தடங்களாகத் தியேட்டருக்காகக் கலக்கப்படுகின்றன. அந்தக் கலவையில் வசனத்துக்கென்று நடுவில் தனித் தடம் உண்டு. வீட்டு டிவி அதை இடது, வலது என்று இரண்டு ஸ்பீக்கருக்குள் திணிக்கும்போது பின்னணி இசை குரலின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. சத்தத்தைக் கூட்டினால் அடுத்த காட்சியில் கார் வெடித்து வீடே அதிரும். ரிமோட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு படம் பார்க்கிற நிலை இப்படித்தான் வந்தது. (தாராவியிலும் படமான ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ ஒலிக்கலவைக்காக 2009-ல் ஆஸ்கர் வாங்கியது, ஒலிப்பதிவாளர் ரசூல் பூக்குட்டிக்கும் அதில் பங்கு. நம் சந்துகளின் இரைச்சலுக்கு விருது கிடைத்துவிட்டது. அந்த இரைச்சலுக்கு நடுவே உட்கார்ந்து டிவி கேட்கிறவர்களுக்கு யார் என்ன கொடுத்தார்கள்?)

சவுண்ட்பாரை எப்படி மதிப்பிடுவது என்று யாராவது கேட்டால் மிருதங்கத்தைக் காட்டுவேன். இடப்பக்கம் தொப்பி; ரவையைப் பிசைந்து அப்பிக் கனம் ஏற்றினால் கும்மென்று அடித்தொனி வரும். வலப்பக்கம் வலந்தலை, சொற்கட்டு துல்லியமாகப் பேசுவது அங்கே. கிங்ஸ் சர்க்கிள் பக்கத்து சண்முகானந்தா அரங்கத்தில் மேல்வரிசை டிக்கெட்டில் உட்கார்ந்து கேட்டே வளர்ந்த காது என்னுடையது. 1952-ல் தொடங்கிய சபா, 1963-ல் திறந்த அரங்கம், இரண்டாயிரத்து எழுநூறு பேருக்கு மேல் உட்காரலாம். 1990-ல் தீப்பிடித்து எட்டு வருடம் மூடிக்கிடந்து 1998-ல் திறந்தபோது, பாட்டைக் கேட்கவா போனேன்? மேலே கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து, வலந்தலையின் ‘தீம்’ முன்போலவே வந்து சேர்கிறதா என்றுதான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். வந்தது.

சவுண்ட்பாரோடு தனியாக ஒரு கறுப்புப் பெட்டி தருகிறார்களே, சப்-வூஃபர், அது தொப்பி. பாருக்குள் இருக்கும் சின்ன ஸ்பீக்கர்கள் வலந்தலை. கடைக்காரர் நம்மை மயக்குவது முழுக்கத் தொப்பியை வைத்து. ஹெலிகாப்டர் பறக்கும், கண்ணாடி உடையும், நெஞ்சுக்குள் குத்தும். பையன்கள் அங்கேயே விழுந்துவிடுவார்கள். நானும் விழுந்தேன், ஐம்பத்தெட்டு வயதில். லாமிங்டன் ரோடு பக்கம் ஒரு கடை. ‘600 வாட்’ என்று அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்து.

வீட்டுக்குக் கொண்டுவந்து டிவிக்கு முன்னால் பாரை நீட்டி வைத்தேன். ரிமோட் வேலை செய்யவில்லை. பேட்டரி மாற்றினேன், ரிமோட்டைத் தட்டினேன், திட்டினேன். பேத்தி வந்து பார்த்துவிட்டு, “தாத்தா, டிவியோட கண்ணை மறைச்சுட்டீங்க” என்றாள். டிவியின் கீழ் விளிம்பில் ரிமோட்டின் கதிரை வாங்கும் சின்னப் புள்ளி ஒன்று உண்டு. அதற்கு நேராகப் பாரின் முதுகு. டிவியின் காலுக்கும் மேசைக்கும் நடுவே எத்தனை அங்குலம் என்று அளந்துகொண்டு கடைக்குப் போயிருந்தால் இந்த அவமானம் மிச்சம்.

இரண்டாவது அவமானம் இரவு பத்தரைக்கு. கறுப்புப் பெட்டியை மூலையில் அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிட்டார். சண்டைக்கு வரவில்லை, பாவம், “உங்க வீட்டில் ஏதாவது ரிப்பேர் வேலை நடக்கிறதா?” என்றார். எங்கள் வீட்டில் அந்தப் பெட்டியின் சத்தம் பெரிதாகவே கேட்கவில்லை. அதுதான் அடித்தொனியின் குணம். 50 ஹெர்ட்ஸ் ஒலியில் ஒரே ஓர் அலையின் நீளம் ஏறத்தாழ ஏழு மீட்டர், இருபத்திரண்டு அடி. அவ்வளவு தாழ்ந்த ஒலியைச் சுவர் சரியாகத் தடுப்பதில்லை. சுவரையும் தளத்தையும் தொட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடும். மூலையில் வைத்தால் இன்னும் வீங்கும். குடியிருப்புப் பகுதியில் இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை 45 டெசிபல் என்று 2000-ஆம் ஆண்டு மத்திய அரசின் விதி சொல்கிறது. கணபதி உற்சவத்தின்போது மும்பையில் அதை நினைவூட்டினால் சிரிப்பார்கள், அது வேறு கதை. மும்பையில் ஒரு சுவர் என்பது இரண்டு வீட்டுக்குப் பொது. தொப்பியை இங்கே நமக்கு மட்டும் என்று வாங்க முடியாது.

அந்த 600 வாட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கேசட் பிளேயர் காலத்தில் ‘பி.எம்.பி.ஓ. 1000 வாட்’ என்று ஒட்டி விற்றார்களே, அதே வம்சம்தான். பாரோடு வரும் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். 24 வோல்ட், 1 ஆம்பியர் என்று போட்டிருந்தால் இரண்டையும் பெருக்குங்கள்: 24 வாட். உள்ளே போவது இருபத்து நாலு, வெளியே வருவது அறுநூறா? ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தரக்கூடிய வாட்) என்று குறிப்பிட்ட கணக்கு ஒன்றைத்தான் ஓரளவு நம்பலாம். பத்துக்குப் பத்து அறைக்கு முப்பது நாற்பது வாட் உண்மையாகவே வந்தால் அதுவே தாராளம்.

2.1, 3.1, 5.1 என்று எண் போடுகிறார்களே, அதில் நம் வாசகிக்கு முக்கியமானது மூன்று. புள்ளிக்குப் பின்னால் இருப்பது கறுப்புப் பெட்டி. முன்னால் இருப்பது திசைகள். மூன்று என்றால் இடம், வலம், நடு. அந்த நடுதான் வசனத்தின் ஸ்தானம். பட்ஜெட் அங்கே எட்டாவிட்டால் இரண்டே ஸ்பீக்கர் உள்ள சின்னப் பாரில் ‘வாய்ஸ்’ என்றோ ‘டயலாக்’ என்றோ ஒரு பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். கூடவே ‘நைட்’ பொத்தானும் இருந்தால் விடாதீர்கள். வெடியை அமுக்கி முணுமுணுப்பைத் தூக்கித் தரும். கேபிளில் வரும் சீரியல்கள் பெரும்பாலும் வெறும் ஸ்டீரியோதான், அதற்கு ஐந்து திசையும் ஏழு திசையும் எதற்கு?

பையனின் அட்மாஸுக்கு வருகிறேன். 2012-ல் ‘பிரேவ்’ என்ற ஹாலிவுட் படத்தோடு வந்த ஒலி நுட்பம் அது. அந்த டிசம்பரிலேயே ‘சிவாஜி’ படத்தின் முப்பரிமாணப் பதிப்பு அட்மாஸில் வந்தது. தியேட்டரில் கூரை முழுக்க ஸ்பீக்கர் தொங்கும். வீட்டுப் பாரில் ஸ்பீக்கர் மேல்நோக்கிப் பாடும், ஒலி கூரையில் பட்டுத் தெறித்து மழைபோல் இறங்கும் என்பது கணக்கு. அதற்குக் கூரை சமமாக, கெட்டியாக இருக்கவேண்டும். மாட்டுங்காவின் பழைய கட்டடங்களில், செம்பூரின் புதிய பிளாட்களில் இது சாத்தியம். தகரக் கூரையிலும், பாதி அறைக்குப் பலகை அடித்துப் பரண் போட்ட வீட்டிலும் ஒலி எங்கெங்கோ சிதறும். ஜூன் மாத மழையில் அந்தத் தகரமே இலவசமாக அட்மாஸ் காட்டுகிறதே! விலை மலிந்த சில பார்களில் மேல்நோக்கிய ஸ்பீக்கரே கிடையாது, ஸ்டிக்கர் மட்டும் இருக்கும்.

இணைக்கும் கம்பி ஒரு சின்ன விஷயம், ஆனால் நான் அரைமணி நேரம் அதில் முட்டிக்கொண்டவன். டிவியின் பின்னால் எச்.டி.எம்.ஐ. துளைகள் இரண்டு மூன்று இருக்கும். அதில் ஒன்றில்தான் ‘ஏ.ஆர்.சி.’ அல்லது ‘ஈ.ஏ.ஆர்.சி.’ என்று பொடியாக எழுதியிருக்கும். அதில் செருகினால் டிவி ரிமோட்டிலேயே பாரின் சத்தத்தையும் கூட்டிக் குறைக்கலாம். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இரண்டாவது ரிமோட் என்பது இரண்டாவது மருமகள் மாதிரி. யாரிடம் எதைக் கேட்பது என்று குழப்பம். பழைய டிவி என்றால் ஆப்டிகல் கம்பி போதும். புளூடூத்தில் டிவியை இணைக்காதீர்கள், வாய் அசைந்த பிறகு சொல் வரும்.

எழுதிக்கொண்டே போகாமல், நேரிலேயே போய்விடுவோமே என்று தோன்றியது. பேத்திக்கென்று இரண்டாவதாக வாங்கிய சின்னப் பாரையும், பரணில் தூங்கிய பழைய கறுப்புப் பெட்டிக்காரனையும் டாக்சியில் போட்டுக்கொண்டு ஒரு சனிக்கிழமை சாயங்காலம் தாராவிக்குப் போனேன். சந்தில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் வாசற்படியில் ஏறி நிற்கவேண்டும். நான் பெட்டியோடு வந்ததால் சந்து முழுக்க ஏறி நின்றது.

வீட்டில் ஒரு சுவரில் டிவி. எதிர்ச் சுவரில் பளபளவென்று பாத்திர ஸ்டாண்டு. எவர்சில்வர் தட்டுகள் செங்குத்தாக, தம்ளர்கள் கவிழ்த்து, மேலே பித்தளைக் குடம் இரண்டு. இடையில் கட்டில். கட்டிலில் அந்த அத்தை; பையனுக்கு ஆச்சி. பையனின் ஆசைக்காக முதலில் பழையதை மாட்டினேன். சண்டைக் காட்சி வந்ததும் தட்டுகள் ஒவ்வொன்றாகப் பேச ஆரம்பித்தன. ஒரு தம்ளர் தானாகவே நகர்ந்து விளிம்புக்கு வந்துவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மூன்று தட்டல். “ஆஜி தட்டுதா” என்றார் வாசகி. பக்கத்து வீட்டு மராத்திப் பாட்டி. சுவருக்கு இந்தப் பக்கம் ஆச்சி, அந்தப் பக்கம் ஆஜி, இருபது வருடப் பழக்கம். ஆஜியின் பாத்திரங்களும் பேசியிருக்கின்றன.

பையன் ஒன்றும் சொல்லவில்லை. அவனே பிளக்கைப் பிடுங்கினான்.

பிறகு சின்னப் பார். ரிமோட் கண்ணை மறைக்காமல் டிவிக்குக் கீழே சுவரில் இரண்டு ஆணி, ஆச்சியின் காது மட்டத்துக்கு. ஏ.ஆர்.சி. துளையில் கம்பி. வாய்ஸ் பொத்தான். சத்தம் முன்பு வைத்திருந்ததில் பாதி. கடைக்குப் போகிறவர்களுக்கும் இதையே சொல்வேன்: ஹெலிகாப்டரைப் பறக்க விடவேண்டாம் என்று சொல்லிவிட்டு, செல்போனில் ஒரு தமிழ்ச் செய்தியோ அழுகைக் காட்சியோ போட்டு, சத்தத்தைக் குறைத்து, கண்ணை மூடிக் கேளுங்கள். அழுதுகொண்டே பேசுவது புரிந்தால் அந்தப் பாரை வாங்கலாம்.

ஏழரை சீரியல் ஆரம்பித்தது. மாமியார் மருமகளிடம் ஏதோ நீளமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு சொல்லும் தெள்ளத்தெளிவாக வந்தது. நான் ஆச்சியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இடைவேளை விளம்பரம் வரும்வரை ஆச்சி வாயைத் திறக்கவில்லை.

“எப்படி இருக்கு ஆச்சி, கேக்குதா?” என்றேன்.

“நல்லா கேக்குய்யா” என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஆனா இவ இம்புட்டுத்தான் பேசுதாளா? கேக்காதப்ப நானா வசனம் போட்டுக்கிடுவேன். அது இதவிட நல்லாருக்கும்.”

அன்புடன்,
ஆசிரியர்