ஆடிய கால்களை அடக்கியது யார்?

பெண் பூப்பெய்திய மறுகிழமையே அவள் கால்களுக்குத் தளை பூட்டும் வழக்கம் தமிழ் வீடுகள் பலவற்றில் இன்னும் ஒழிந்தபாடில்லை. பாண்டியாட்டமா? இனிக் கூடாது. தெருவில் ஓட்டமா? ஊர் என்ன சொல்லும்! ஈராண்டு கழித்து, அதே வீடு அவளை எடைக்கருவியின்மேல் நிறுத்தி, "இப்படிப் பெருத்துவிட்டாயே" என்று ஏசி, இரவுச் சோற்றைக் குறைக்கின்றது. அடைத்து வைத்தவர்களே அசையவில்லை என்று குற்றஞ்சாட்டும் இக்கொடுமையை என்னென்பது!

அப்பருவத்தில் பெண்ணுடல் ஓரளவு பருப்பது இயற்கை, நோயன்று. 2019–21 நாட்டுக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 19 அகவைப் பெண்களுள் நூற்றுக்கு 59 பேர் குருதிச்சோகை உடையவர். வளரும் பெண்ணின் உணவில் கைவைப்பது மருத்துவமா, வன்கொடுமையா?

குறைந்து போனது ஆட்டமே. 5 முதல் 17 அகவையினர் நாள்தோறும் சராசரி 60 மணித்துளியேனும் உடலை நன்கு இயக்க வேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் நெறி. 2016ஆம் ஆண்டு நிலவரப்படி, உலகெங்கும் 11 முதல் 17 அகவைப் பெண்களுள் நூற்றுக்கு 85 பேர் அவ்வளவு இயங்கவில்லை. ஆண்களுள் 78 பேர்.

அந்த 60 மணித்துளியைக் கடன்வாங்க வேண்டியதில்லை. ஓரையும் பந்தும் ஊசலும் புனலாட்டும் கழகக்கால மகளிரின் பொழுதுகள். கும்மியைப் பாருங்கள்: வட்டமிட்டுக் குனிந்து, நிமிர்ந்து, கைகொட்டிச் சுற்றுகையில் பாட்டு விரைய விரைய அடியும் விரையும், இடுப்பும் தொடையும் தோளும் ஒருங்கே உழைக்கும். பாடிக்கொண்டே ஆடுவதால் களைப்புத் தெரிவதில்லை. பாண்டியின் ஒற்றைக்கால் தாவல் எலும்புக்கு உரம். சிலம்பத்தின் காலடியோ இன்னும் கடுமை. 2024 சனவரியில் தமிழ்நாட்டில் நடந்த 'கேலோ இந்தியா' இளையோர் போட்டிகளில் அது காட்சி விளையாட்டாக இடம்பெற்றது.

கும்மியடித்தால் இத்தனை கிலோ குறையும் என்று எவரேனும் விலைகூறின் நம்ப வேண்டா. எடை, உணவையும் உறக்கத்தையும் குடிவழியையும் பொறுத்தது. வலிமையும் மூச்சும் கூடும் என்பதே உறுதி, அதுவே போதும்.

தாய்மார் முற்றத்தைத் திறந்துவிடுக. பள்ளிகளோ, உடற்பயிற்சிப் பாடவேளையைக் கணக்குப் பாடத்திற்குத் தாரைவார்ப்பதை இவ்வாண்டே நிறுத்துக.