விலைக்கு வந்த பிரஜா உரிமை

ரேஷன் கார்டில் தகப்பன் பெயரில் ஓர் எழுத்து பிசகியிருந்தால் போதும். ஆலைத் தொழிலாளியானாலும் சரி, வயலில் நடவு நடும் பெண்ணானாலும் சரி, தாலுகா ஆபீசுக்கு நாலு நாள் நடக்க வேண்டும். நாலு நாள் கூலி போகும். மூன்று தலைமுறையாக உழைத்த ஊரிலேயே, "நான் இந்த ஊர்க்காரன்தான்" என்று நிரூபிக்க ஏழைக்கு இத்தனை பாடு.

பணம் படைத்தவனுக்கு இந்தப் பாடு இல்லை. பிறந்த தேசம் போதவில்லை என்றால் அவன் இன்னொரு தேசத்தை வாங்கிக்கொள்ளலாம். வாங்குவது என்று நாம் பேச்சுக்காகச் சொல்லவில்லை. அதற்கு விலைப்பட்டியல் இருக்கிறது. தரகர் இருக்கிறார். கமிஷன் இருக்கிறது. சில சமயம் தள்ளுபடியும் உண்டு.

கரீபியன் கடலில் செயின்ட் கிட்ஸ், நெவிஸ் என்ற இரண்டு தீவுகள் சேர்ந்து ஒரு சின்ன தேசம். மொத்தப் பரப்பு 261 சதுர கிலோமீட்டர். ஜனத்தொகை சுமார் 50,000. நம் பக்கத்துச் சிறு டவுன் ஒன்றின் ஜனத்தொகைதான். 1983 செப்டம்பரில் இது பிரிட்டனிடமிருந்து சுதந்திரம் பெற்றது. மறு வருஷமே, 1984ல், முதலீடு செய்கிற அந்நியருக்குப் பிரஜா உரிமை தரலாம் என்று சட்டம் செய்தது. இன்று உலகில் நடக்கும் இந்த வியாபாரத்தில் மூத்த கடை இதுதான். ஆன்டிகுவா, டொமினிக்கா, கிரெனடா, செயின்ட் லூசியா என்ற அண்டைத் தீவுகளும் பின்னால் கடை விரித்தன. பசிபிக் கடலில் வனுவாட்டு விற்கிறது. 2025ல் நவுருவும் சேர்ந்துகொண்டது.

செயின்ட் கிட்ஸில் 2023லிருந்து நன்கொடையாகக் கட்ட வேண்டிய தொகை 2,50,000 டாலரில் ஆரம்பம். நம் பணத்தில் 2 கோடி ரூபாய்க்கு மேல். நாளைக்கு 500 ரூபாய் கூலி, வருஷத்தில் 300 நாள் வேலை என்று தாராளமாகவே கணக்குப் போடுவோம். பெண்டு பிள்ளைகளுக்கு ஒரு வாய்க் கஞ்சிகூட வார்க்காமல் அத்தனையையும் சேர்த்து வைத்தாலும், 2 கோடி சேர 133 வருஷம் ஆகும். ஆக, இந்தக் கடை யாருக்காகத் திறந்திருக்கிறது என்று நாம் விளக்க வேண்டியதில்லை.

கரும்பும் ரத்தமும்

விற்கப்படுகிற இந்தப் பிரஜா உரிமை எங்கிருந்து வந்தது? அதைப் பார்த்தால்தான் இந்த வியாபாரத்தின் கொடுமை விளங்கும்.

1624 வாக்கில் ஆங்கிலேயர் அந்தத் தீவில் குடியேறினார்கள். காட்டை அழித்துக் கரும்பு போட்டார்கள். கரும்பு வெட்ட ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களைச் சங்கிலியில் கட்டிக் கப்பலில் கொண்டுவந்தார்கள். 1834ல் அடிமை முறையை ஒழித்தபோது பிரிட்டிஷ் சர்க்கார் தன் குடியேற்ற நாடுகளுக்காக 2 கோடி பவுன் நஷ்ட ஈடு ஒதுக்கியது. யாருக்கு? சாட்டையடி பட்டவனுக்கா? இல்லை, சாட்டை பிடித்த எஜமானனுக்கு! அடிமையாயிருந்தவன் 1838 வரை "பழகுநர்" என்ற பெயரில் அதே எஜமானனுக்குப் பெரும்பகுதி நேரம் கூலியில்லாமலே உழைக்க வேண்டியிருந்தது.

அதன் பிறகு நூறு வருஷம் அரை வயிற்றுக் கூலி. 1935 ஜனவரியில் பக்லீஸ் என்ற தோட்டத்தில் கரும்பு வெட்டுகிறவர்கள், கொடுத்த கூலிக்கு வெட்ட மாட்டோம் என்று கத்தியைக் கீழே வைத்தார்கள். தோட்டம் தோட்டமாக ஜனங்கள் திரண்டார்கள். துப்பாக்கிச் சூடு நடந்தது. மூன்று பேர் மாண்டார்கள். அந்த வருஷங்களில் டிரினிடாட், பார்படோஸ், ஜமைக்கா என்று கரீபியன் தீவுகளெங்கும் மூண்ட தொழிலாளர் கிளர்ச்சித் தீயில் இந்தப் பொறிக்கும் இடம் உண்டு. 1940ல் செயின்ட் கிட்ஸ் தொழிலாளிகளுக்குச் சங்கம் வந்தது. 1948ல் சர்க்கரைத் தொழிலாளர்கள் 13 வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1952ல் வயது வந்த அனைவருக்கும் ஓட்டுரிமை கிடைத்தது.

ஒரு ஜன சமூகம் பிரஜைகளின் சமூகமாக மாறியது இப்படித்தான். பக்லீஸில் விழுந்த பிணங்களும், 13 வாரம் பட்டினி கிடந்த குடும்பங்களும் அதற்கு விலை கொடுத்துவிட்டார்கள். பாட்டன் ரத்தம் கொடுத்துப் பெற்றதைப் பேரன் காலத்தில் டாலருக்கு அளந்து கொடுக்கிறார்கள்.

தொழிலாளி பெயரில் உண்டியல்

1975ல் கரும்பு நிலங்களை அந்நாட்டு சர்க்கார் எடுத்துக்கொண்டது. ஆனால் சர்க்கரை ஐரோப்பியச் சந்தையை நம்பியே இருந்தது. பழைய குடியேற்ற நாடுகளின் சர்க்கரைக்கு ஐரோப்பா கொடுத்துவந்த உத்தரவாத விலையை வெட்டப் போகிறார்கள் என்று தெரிந்தது. ஆலையோ நெடுநாளாக நஷ்டத்திலும் கடனிலும் மூழ்கிக் கிடந்தது. 2005ல் ஆலையை மூடினார்கள். முந்நூறு வருஷத்துக்கு மேல் அந்தத் தீவைக் கட்டியாண்ட தொழில் ஒரே அறுவடையோடு முடிந்தது. 1,000க்கும் மேற்பட்ட தொழிலாளிகள் வீதிக்கு வந்தார்கள். கரும்பு ஏற்றிச் செல்லத் தீவைச் சுற்றிப் போட்ட சின்ன ரயில் பாதையில் இன்று உல்லாசப் பிரயாணிகள் வேடிக்கை பார்த்துக்கொண்டு போகிறார்கள்.

2006ல் சர்க்கரைத் தொழிலுக்கு மாற்றுத் தொழில் தேடுவதற்கு என்று ஒரு நிதி தொடங்கினார்கள். பாஸ்போர்ட் வாங்க வந்த கோடீஸ்வரன் பணத்தை இந்த நிதியில் போட்டால் போதும், பிரஜை ஆகலாம். வேலையிழந்த தொழிலாளியின் பெயரை உண்டியலில் எழுதி, கடைக்கு முன்னால் வைத்துவிட்டார்கள்! 2009ல் ஐரோப்பிய நாடுகளுக்கு விசா இல்லாமல் போகலாம் என்றானதும் வியாபாரம் சூடு பிடித்தது. 2013 வாக்கில் இந்த வகையில் சர்க்கார் தரப்புக்கு வந்த வரவு, நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறக்குறைய கால் பங்கு என்று சர்வதேச நாணய நிதியத்தின் ஆய்வே சொல்கிறது.

அந்தப் பணத்தில் நல்லது எதுவும் நடக்கவில்லையா என்று கேட்டால், நடந்தது என்றே சொல்வோம். அந்த நிதியிலிருந்து வாலிபர்களுக்கு வேலைப் பயிற்சி கொடுத்தார்கள். பக்கத்து டொமினிக்காவை 2017ல் மரியா என்ற சூறாவளி சின்னாபின்னப்படுத்தியது. அந்தத் தேசத்தின் வருஷ உற்பத்தியைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் ஒரே இரவில் நாசமாயிற்று. அப்போது பாஸ்போர்ட் விற்ற பணத்தில்தான் ஏழைகளுக்கு வீடு கட்டினார்கள். கூரை பறந்தவனிடம் போய், "இந்தப் பணம் கறை படிந்தது, தொடாதே" என்று சொல்ல நமக்கு வாய் வராது. கடலும் காற்றும் வறுமையும் சூழ்ந்த அந்த ஜனங்களை நாம் ஏளனம் செய்யவில்லை. அவர்களை இந்தக் கதிக்குக் கொண்டுவந்தவர்கள் யார் என்பதே நம் கேள்வி.

வந்த பணம் முழுவதும் ஜனங்களுக்குப் போய்விடவுமில்லை. தரகுக் கம்பெனிகள் கமிஷன் எடுத்தன. நன்கொடைக்குப் பதிலாக ஓட்டல் மாளிகையில் பங்கு வாங்கினாலும் பிரஜை ஆகலாம் என்றார்கள். வாங்கியவன் சில வருஷம் கழித்து அதே பங்கை அடுத்த பாஸ்போர்ட்காரனுக்கு விற்கலாம். ஒரே அறையைக் காட்டி இரண்டு பிரஜைகள்! லாபம் கட்டடக் கம்பெனிக்கு. அந்நாட்டில் தனிநபர் வருமான வரி கிடையாது. ஆனால் கடைச் சரக்குக்கு மதிப்புக் கூட்டு வரி 2010ல் வந்துவிட்டது. கோடீஸ்வரப் பிரஜைக்கு வருமான வரி இல்லை, கூலிக்காரப் பிரஜை கடையில் வரி கட்டுகிறான்.

விலை வைப்பவன் யார்?

கோடீஸ்வரன் அந்தத் தீவின் மண்ணில் வாழ ஆசைப்பட்டா பணம் கட்டினான்? நெடுங்காலம் வரை அங்கே ஒரு முறை கால் வைக்க வேண்டிய கட்டாயம்கூட அவனுக்கு இருந்ததில்லை. அவன் வாங்கிய சரக்கு வேறு. லண்டனுக்கும் பாரீஸுக்கும் கேள்வியில்லாமல் போய் இறங்குகிற வசதிதான் சரக்கு. அந்த வசதியைக் கொடுப்பதும் பறிப்பதும் தீவின் கையில் இல்லை.

2014ல் கனடா, செயின்ட் கிட்ஸ்காரர்கள் இனி விசா எடுக்க வேண்டும் என்றது. பணம் கொடுத்து வாங்கியவனுக்கு வேறு பாஸ்போர்ட் இருந்தது. அங்கேயே பிறந்து, கனடாவில் வேலை செய்யும் அக்காளைப் பார்க்கப் போகிறவனுக்குத்தான் கதவடைப்பு. வனுவாட்டு கண்டபடி விற்கிறது என்று சொல்லி, 2024 டிசம்பரில் ஐரோப்பா அந்நாட்டு ஜனங்கள் அனைவருக்கும் விசா இல்லாத பிரயாணத்தை ரத்து செய்தது. 2024 மார்ச்சில் கரீபியன் தீவுகள் நான்கு, 2 லட்சம் டாலருக்குக் குறைத்து விற்பதில்லை என்று உடன்படிக்கை செய்துகொண்டன. வல்லரசுகளின் அதட்டல் இல்லாமல் அது நடக்கவில்லை. அதே வருஷம் செயின்ட் கிட்ஸில் இந்த வரவு சடாரென்று சரிந்தது. பட்ஜெட்டில் பெரிய துண்டு விழுந்தது.

தோழர்களே, கவனியுங்கள். நேற்று சர்க்கரை, இன்று பாஸ்போர்ட். சரக்கு மாறியது. விலை வைக்கிற துரை மாறவில்லை. அன்றும் ஐரோப்பா முகம் சுளித்தால் தீவில் அடுப்பு அணையும். இன்றும் அதே கதைதான்.

தீவுகளுக்கு ஒழுக்கம் போதிக்கிற ஐரோப்பாவின் வீட்டுக்குள் என்ன நடந்தது? சைப்ரஸ் 2020 வரை பணத்துக்குப் பிரஜா உரிமை கொடுத்தது. மால்டாவும் விற்றது. 2025 ஏப்ரலில் ஐரோப்பிய நீதிமன்றம் அது சட்ட விரோதம் என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியதாயிற்று. அமெரிக்காவோ 2025ல் 10 லட்சம் டாலர் கொடுத்தால் குடியேறலாம் என்று தங்க அட்டை அச்சடித்தது. பெரிய கடைக்காரன் தெருவோரக் கடைக்காரனைப் பார்த்து, "தராசு சரியில்லை" என்கிறான்!

நாடற்றவனுக்குக் கிடைத்த காகிதம்

இந்தச் சந்தையில் ஏழைக்கும் பாஸ்போர்ட் வாங்கிக் கொடுத்த ஒரு சம்பவம் உண்டு. அதையும் சொல்கிறோம்.

வளைகுடா நாடுகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தும் பிரஜா உரிமை இல்லாதவர்கள் இருக்கிறார்கள். "பிதூன்" என்று பெயர். இல்லாதவன் என்று அர்த்தம். பிறந்த நாட்டிலேயே அவர்களுக்குப் பிரஜா உரிமை தருவதுதானே நியாயம்? ஐக்கிய அரபு எமிரேட்ஸ் சர்க்கார் அதைச் செய்யவில்லை. இந்து மகாசமுத்திரத்தில் கொமொரோஸ் என்ற ஏழைத் தீவு தேசம் 2008ல் பிரஜா உரிமையை விற்கச் சட்டம் போட்டது. அந்தக் காகிதத்தை மொத்தக் கொள்முதலாக வாங்கிப் பிதூன்களுக்குக் கொடுத்தார்கள். காகிதம் வந்தது, நாடு வரவில்லை. பார்த்தே இராத ஒரு தீவின் பிரஜைகள் ஆனதால், பிறந்த மண்ணில் அவர்கள் அந்நியர்கள் ஆனார்கள். உரிமை கேட்ட ஒருவரை 2012ல் நாடு கடத்தவும் அந்தக் காகிதமே உதவியது. கொமொரோஸ் ஜனங்களுக்கோ பணம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. இந்த விவகாரத்தில் அந்நாட்டு முன்னாள் ஜனாதிபதி சாம்பிக்கு 2022ல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

பணக்காரன் வாங்கினால் பிரஜா உரிமை அவனுக்குச் சிறகு. ஏழைக்கு வாங்கிக் கொடுத்தால் அது விலங்கு. ஒரே காகிதம்தான்!

நம் பாங்கிப் பணமும்

எங்கோ கடலுக்கப்பால் நடப்பது நமக்கென்ன என்று இருக்க முடியாது. நம் சட்டப்படி ஓர் இந்தியர் தாமாக விரும்பி வேறு நாட்டுப் பிரஜை ஆனால் அவர் இந்தியப் பிரஜை அல்ல. இரட்டைப் பிரஜா உரிமை நமக்கு இல்லை. ஆகவே இங்கிருந்து போகிற கோடீஸ்வரனுக்கு இது இரண்டாவது வீடு அல்ல, பின்கட்டு வாசல்.

பஞ்சாப் நேஷனல் பாங்கில் 13,000 கோடி ரூபாய்க்கு மேல் மோசடி என்று 2018ல் அம்பலமாயிற்று. குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவரான வைர வியாபாரி மெஹுல் சோக்ஸி, விஷயம் வெளியே வருவதற்கு முன்பே, 2017 நவம்பரில் ஆன்டிகுவாவின் பிரஜா உரிமையைப் பெற்றிருந்தார். 2018 ஜனவரியில் இந்தியாவை விட்டுப் போனார். குற்றத்தை அவர் மறுக்கிறார். 2025 ஏப்ரலில் இந்தியாவின் கோரிக்கைப்படி பெல்ஜியத்தில் கைது செய்யப்பட்டார். இடையில் போனது ஏழு வருஷம். அது சர்க்கார் பாங்கி. அதில் உள்ளது ஜனங்களின் பணம். பயிர்க் கடன் பாக்கிக்காக விவசாயியின் வீட்டு வாசலில் ஜீப் வந்து நிற்க ஏழு நாள்கூட ஆகாது.

தேசம், தேசபக்தி, தியாகம் என்று தொழிலாளிக்கு உபதேசம் செய்கிறவர்கள் இதைக் கவனிக்கட்டும். போனஸ் கேட்டால் தேசத்துக்கு ஆபத்து என்கிறார்கள். ஆனால் சிரமகாலம் வந்தவுடன் தேசத்தைச் சட்டையைப் போல் கழற்றிப் போட்டுவிட்டுப் போகிறவன் தொழிலாளி அல்ல. அவனிடம் கழற்றிப் போட வேறு சட்டை இல்லை.

நாம் கேட்பது

தீவு ஜனங்கள் மீது நமக்குக் கோபம் இல்லை. கரும்பால் கொழுத்தவர்கள் அந்தத் தீவுகளுக்குப் பட்ட கடனை அடைக்கட்டும். புயலுக்கும் கடல் ஏறுவதற்கும் காரணமான புகையைக் கக்கிய பெரிய நாடுகள் நஷ்ட ஈடு கொடுக்கட்டும். அப்படிக் கொடுத்தால் எந்தத் தேசமும் தன் பெயரைத் தட்டில் வைத்து விற்க வேண்டியதில்லை.

விற்கிற நாள் வரைக்கும், வாங்கியவன் யார், கொடுத்தது எவ்வளவு, செலவானது எங்கே என்ற கணக்கு அந்நாட்டு ஜனங்கள் முன் பகிரங்கமாக வைக்கப்பட வேண்டும். இங்கே நம் சர்க்கார், பெரும் பாங்கிக் கடன்காரன் வெளிநாட்டுப் பிரஜை ஆகிறானா என்று முன்கூட்டியே பார்த்து, கடனை வசூலித்த பிறகே வெளியே விட வேண்டும். ஏழையின் ரேஷன் கார்டில் ஓர் எழுத்துப் பிழையைக் கண்டுபிடிக்கிற கண்ணுக்கு, 13,000 கோடி ரூபாய் கப்பல் ஏறுவது தெரியாமல் போகலாமா?

தேசத்தை உண்டாக்கியவன் கரும்பு வெட்டியவன். தறி ஓட்டியவன். நாற்று நட்டவள். அவர்களுடைய பிரஜா உரிமைக்கு விலைச்சீட்டு ஒட்ட எவனுக்கும் உரிமை இல்லை. செயின்ட் கிட்ஸ் தொழிலாளிக்கும் நமக்கும் நடுவில் பல கடல்கள் இருக்கலாம். இந்த ஒரு விஷயத்தில் அவன் குரலும் நம் குரலும் ஒன்றே.