டம்ளரைக் கழுவுவது யார்?

பௌர்ணமி முடிந்த விடியற்காலையில் திருவண்ணாமலை கிரிவலப் பாதையைப் பார்த்திருக்கிறீர்களா? 14 கிலோமீட்டருக்கும் காகிதக் கப், தண்ணீர் பாட்டில், சோறு ஒட்டிய பாக்குமட்டைத் தட்டு. என் முனைவர் பட்ட ஆய்வு கழிவையும் அதைச் சுமக்கும் உழைப்பையும் பற்றியது. அதனால் பக்தர்கள் ஊருக்கு பஸ் ஏறிய பிறகுதான் நான் அங்கே போவேன்.

ஒருநாள் பாட்டில் பொறுக்கிக்கொண்டிருந்த ஓர் அக்காவிடம், "கடைக்காரங்க என்ன செஞ்சா உங்களுக்கு வேலை சுலபமா இருக்கும்?" என்று கேட்டேன். "தின்ன மிச்சத்தையும் பாட்டிலையும் ஒரே கவர்ல கட்டிப் போடாம இருந்தா போதும்மா. கையை உள்ள விட்டாத்தான் என்ன இருக்குன்னே தெரியுது" என்றார்.

தொழில் நிறுவனங்கள் இப்போது 'சுழற்சிப் பொருளாதாரம்' பேசுகின்றன. எடுத்து, செய்து, எறிந்துவிடாமல் ஒரு பொருளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது, பழுது பார்ப்பது, கடைசியில் மறுசுழற்சிக்கு அனுப்புவது. நல்ல கொள்கைதான். ஆனால் அவர்களுடைய வரைபடத்தில் வெறும் அம்புக்குறியாக இருக்கும் இடத்தில், இங்கே ஒரு மனிதர் குனிந்து நிற்கிறார். தமிழ்நாட்டில் அப்படிக் குனிந்து நிற்பவர்களில் பெரும்பாலானோர் அருந்ததியர் உள்ளிட்ட பட்டியல் சாதியினர். இதைப் பேசாத சுழற்சி யாருக்கானது?

தேநீர்க் கடையிலிருந்தே தொடங்குவோம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட 14 வகைப் பொருட்களில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் உண்டு. 2024-இல் மாநகராட்சியான இந்த ஊரின் சாலைகளில் அது இன்றும் கிடக்கிறது. "அந்தக் காலம்போல டம்ளருக்குத் திரும்புவோம்" என்கிறார்கள் சூழலியல் நண்பர்கள்.

அந்தக் காலத்து டம்ளர் எல்லோருக்கும் ஒன்றாகவா இருந்தது? இரட்டைக் குவளை முறையும், தலித்துகள் தாங்கள் குடித்த குவளையைத் தாங்களே கழுவிவைக்க வேண்டியிருந்ததும் தேநீர்க் கடையின் வரலாறுதானே? குடித்துவிட்டு எறியும் கப் வந்தபோது, பல ஊர்களில் தலித்துகளுக்குக் கப், மற்றவர்களுக்குக் கண்ணாடி டம்ளர் என்று தீண்டாமை புது வடிவம் எடுத்தது. எல்லோருக்கும் கப் கொடுத்த கடைகளிலோ, குவளையைப் பகிர வேண்டிய தேவையே இல்லாமல் போனது. குவளையைக் கழுவிவைக்கும் அவமானத்திலிருந்து அந்தக் கப் சிலருக்கு விடுதலையாகக்கூட இருந்திருக்கும். இதை மறந்துவிட்டுப் பழைய காலத்தைப் புகழ நமக்கு உரிமையில்லை.

மறுபயன்பாடு என்றால், முன்பின் தெரியாத ஒருவர் வாய் வைத்த டம்ளரைக் கழுவி அடுத்தவர் குடிப்பது. சாதி சகித்துக்கொள்ளாதது அதைத்தான். ஆகவே கடைகளுக்கான முதல் விதி: எல்லோருக்கும் ஒரே டம்ளர், வெந்நீரில் கழுவிய டம்ளர். கழுவுபவருக்கு முறையான கூலி. அந்த வேலை ஒரே சாதியின் தலையில் விழக் கூடாது.

இரண்டாவது, பாட்டிலுக்கு முன்பணம். உயர் நீதிமன்ற உத்தரவையடுத்து, நீலகிரி டாஸ்மாக் கடைகளில் 2022 மே மாதம் முதல் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருகிறார்கள். பெரும்பாலான பாட்டில்கள் திரும்பி வந்ததால் திட்டம் மற்ற மாவட்டங்களுக்கும் போனது. தண்ணீர், குளிர்பான நிறுவனங்கள் கிரிவலப் பாதையில் இதைச் செய்தால், அந்த அக்கா பொறுக்கும் பாட்டில் காயலான் கடையில் எடைக்குப் போகாது. ஒவ்வொன்றுக்கும் கையில் காசு வரும். ஆனால் கூடுதல் ஆளும் இடமும் தராமல் பாட்டில் வாங்கும் வேலையைத் தங்கள் மீது சுமத்துவதாக டாஸ்மாக் ஊழியர்கள் போராடியதையும் மறக்க வேண்டாம். திரும்பப் பெறும் உழைப்புக்கான செலவை நிறுவனம்தான் ஏற்க வேண்டும்.

மூன்றாவது, குப்பையை உண்டாக்கியவரே பிரிக்க வேண்டும். புனேயில் குப்பை பொறுக்குவோர் 1993-இல் சங்கமானார்கள். பெரும்பாலும் தலித் பெண்கள். அந்தச் சங்கத்திலிருந்து பிறந்த 'ஸ்வச்' கூட்டுறவு, மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டு வீடுவீடாகக் குப்பை எடுக்கிறது. வீடுகள் அவர்களுக்குக் கட்டணம் தருகின்றன. பொருளை விற்ற காசும் அவர்களுக்கே. திருவண்ணாமலையின் விடுதிகளும் உணவகங்களும் இப்படி ஓர் ஏற்பாட்டுக்குப் பணம் தர முடியாதா?

கூலி உயர்ந்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. நல்ல கூலியோடு அதே வேலை அதே சாதிக்கே என்றால் அது சீர்திருத்தப்பட்ட சாதி, அவ்வளவுதான். குப்பை அள்ளும் வேலைக்கு எல்லாச் சாதியிலிருந்தும் ஆட்கள் வர வேண்டும். இன்று அதில் இருப்பவர்களின் பிள்ளைகளுக்கு வெளியேறும் வழியும் வேண்டும். பொருள் சுழல, மனிதர்கள் நின்ற இடத்திலேயே நிற்பதற்கு நாம் வேறு பெயர் வைக்கத் தேவையில்லை.

அடுத்த பௌர்ணமிக்கு அன்னதானம் போடுகிறவர்களிடம் ஒரு கோரிக்கை. பரிமாறி முடித்ததும் கிளம்பிவிடாதீர்கள். மிச்சத்தையும் பாட்டிலையும் நீங்களே பிரித்துக் கட்டிவிட்டுப் போங்கள். அந்த அக்கா கேட்டது அவ்வளவுதான்.