திருவாதிரை வெடிக்குமா?



மார்கழி மாதத்து முன்னிரவில் கீழ்வானை நோக்கினால் செந்நிறமாய் ஒளிரும் பெரிய விண்மீன் ஒன்று தென்படும். நம் முன்னோர் அதற்குத் திருவாதிரை எனப் பெயரிட்டனர். மேனாட்டார் பெட்டல்ஜியூஸ் என்பர். 2019-ஆம் ஆண்டின் இறுதியில் இம்மீன் மங்கத் தொடங்கியது. 2020 பிப்ரவரியில் அதன் ஒளி வழக்கத்தில் மூன்றில் ஒரு பங்களவாய்க் குறைந்தது. அது வெடிக்கப் போகிறது, உலகம் அழியப் போகிறது என்னும் பேச்சு எங்கும் பரவிற்று. அந்நாளில் பூசை முடிந்து வெளியே வருகையில் தாய் ஒருவர், “சாமி, இது மெய்தானா? பிள்ளைகள் இரவில் உறங்க அஞ்சுகிறார்கள்” என்று வினவினார். அவருக்கு அன்று கூறியதைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

நம் சூரியனைவிட எட்டு மடங்குக்கு மேல் பருப்பொருள் கொண்ட விண்மீன்களே இவ்வாறு மடிகின்றன. அவற்றின் நடுவே எரிபொருள் படிப்படியாய் மாறி, இறுதியில் இரும்பாகிவிடுகிறது. இரும்பை எரித்து ஆற்றல் பெற இயலாது. ஆகவே தாங்குவாரற்ற வீடுபோல் விண்மீனின் மையம் ஒரு நொடிக்குள் இடிந்து விழ, புறப்பகுதி சிதறி வெடிக்கிறது. இதனையே சூப்பர்நோவா என்பர்.

1987 பிப்ரவரி 24 அன்று சிலி நாட்டின் லாஸ் கம்பானாஸ் மலையில், இயான் ஷெல்டன் என்னும் கனடா நாட்டு ஆய்வாளர் தாம் எடுத்த நிழற்படத்தில் புதிய மீன் ஒன்றைக் கண்டார். ஐயம் தீர வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். அது வெறுங்கண்ணுக்கே தெரிந்தது! ஏறத்தாழ 1,68,000 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள மெகல்லன் பெருமேகத்தில் நிகழ்ந்த வெடிப்பு அது. அதன் ஒளி வருவதற்குச் சில மணி நேரம் முன்னரே, ஜப்பானில் சுரங்கத்தினுள் அமைந்த கமியோகாண்டே கருவி அதன் நியூட்ரினோத் துகள்களைப் பதிவு செய்திருந்தது.

இத்தகைய வெடிப்பு அருகில் நேர்ந்தால் தீங்கு உண்டு என்பது உண்மையே. ஏறத்தாழ 30 ஒளியாண்டுக்குள் நேருமாயின், அதன் கதிர்கள் காற்று மண்டலத்தில் நைட்ரஜன் ஆக்சைடுகளைத் தோற்றுவித்து ஓசோன் படலத்தைச் சிதைக்கும். அப்போது சூரியனின் புறஊதாக் கதிர்கள் தடையின்றி இறங்கி, கடலின் நுண்ணுயிர்கள் தொட்டு யாவற்றையும் வாட்டும். ஆயினும் வெடிக்கும் நிலையிலுள்ள மீன் எதுவும் அத்தொலைவுக்குள் இல்லை. திருவாதிரையோ 500 ஒளியாண்டுக்கும் அப்பால் உள்ளது. அது மங்கியதும் வெடிப்பின் அறிகுறியன்று. தானே உமிழ்ந்த தூசு மேகம் அதன் முகத்தை மறைத்தது என ஆய்வாளர் பின்னர் அறிந்தனர். அது ஒருநாள் வெடிக்கவே செய்யும். ஆனால் அதற்கு இன்னும் ஓர் இலட்சம் ஆண்டுகள்கூட ஆகலாம்.

பண்டைய வெடிப்புகளின் சுவடும் நம்மிடம் உண்டு. பசிபிக் மாகடலின் அடித்தளப் படிவுகளில் இரும்பு-60 என்னும் அரிய இரும்பை ஜெர்மானிய அறிஞர்கள் 1999-இல் கண்டறிந்தனர். சுமார் இருபது முதல் முப்பது இலட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒரு சூப்பர்நோவா தூவிய துகள்கள் அவை. அன்றும் உயிர்கள் பிழைத்தன.

இங்கே நாம் சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. விண்மீன் செய்யுமோ என நாம் அஞ்சும் அதே கேட்டை நாமே செய்துகொண்டிருந்தோம். குளிர்பதனப் பெட்டிகளிலும் தெளிப்பான்களிலும் பயன்பட்ட குளோரோ ஃபுளோரோ கார்பன்கள் ஓசோன் படலத்தை அரித்தன. அந்தச் சூப்பர்நோவா தோன்றிய அதே 1987-இல், செப்டம்பர் 16 அன்று, மொன்றியால் நகரில் நாடுகள் கூடி அவற்றைக் குறைக்க உடன்பட்டன. இன்று அப்படலம் மெல்ல மீண்டு வருகிறது. வானத்து வெடிப்பைத் தடுக்க நம்மால் ஆகாது. நம் கைகள் செய்யும் கேட்டைத் தடுக்க ஆகும் என்பதற்கு இதுவே சான்று.

ஆதலின் பெற்றோரே, வரும் மார்கழியில் பிள்ளைகளை முற்றத்திற்கு அழைத்துச் சென்று திருவாதிரையைக் காட்டுங்கள். நம் குருதியில் ஓடும் இரும்பும் என்றோ மடிந்த விண்மீன்களில் உருவானதே எனச் சொல்லுங்கள். அஞ்சிய பிள்ளை வியந்து நோக்கும். வியந்து நோக்கும் பிள்ளை, தன் காலடியிலுள்ள இப்பூமியையும் பேணக் கற்கும்.