திரும்பி வரும் பார்சலில்தான் ஏஐக்கு வேலை

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் தலைப்புகளை ஒரு சுற்று பாருங்க. ஈ-காமர்ஸ் என்று வந்துவிட்டால் பாதி டீம் ரெகமண்டேஷன் சிஸ்டம், மீதி டீம் சாட்பாட். ரெண்டும் நல்ல தலைப்புதான், வைவாவில் கேள்வியும் எதிர்பார்த்த மாதிரியே வரும். ஆனால் ஆன்லைனில் பொருள் விற்கிற ஒரு சின்ன வியாபாரிக்கு ஏஐ எங்கே உண்மையிலேயே கைகொடுக்கும் என்று கேட்டால், நான் காட்டுவது வேற இடம்: திரும்பி வருகிற பார்சல்.

முதலில் ரெகமண்டேஷன். "இதை வாங்கியவர்கள் இதையும் வாங்கினார்கள்" என்ற வரிக்குப் பின்னால் இருக்கிற முறையை அமேசான் பொறியாளர்கள் 2003-ல் ஒரு கட்டுரையாகவே வெளியிட்டார்கள். ஆளோடு ஆளை ஒப்பிடாமல் பொருளோடு பொருளை ஒப்பிடுவது, அந்தப் பட்டியலை முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்துக்கொள்வது. அருமையான யோசனை. ஆனால் அதற்கு ஒரே பொருளைப் பலபேர் வாங்கியிருக்க வேண்டும். சேலம் பக்கத்தில் இளம்பிள்ளையிலிருந்து வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் புடவை விற்கிற ஒரு கடையை நினைச்சுப் பாருங்க. ஒரு டிசைனில் பத்து பீஸ் இருந்தால் பெரிசு. போதுமான டேட்டா சேர்றதுக்குள்ள அந்த டிசைனே தீர்ந்துபோகும். படத்தை வைத்து ஒற்றுமை பார்க்கிற முறை இருக்கே என்று கேட்பீர்கள். இருக்கு. அது அடுத்த புடவையைக் காட்டும், ஆனால் போன புடவை திரும்பி வராமல் பார்த்துக்காது.

டெலிவரி ஆகாமலே பார்சல் திரும்புவதற்கு இந்தத் தொழிலில் ஆர்.டி.ஓ. என்று பெயர், ரிட்டர்ன் டு ஆரிஜின். (நமக்கு ஆர்.டி.ஓ. என்றால் எட்டு போட்ட இடம்தான் ஞாபகம் வரும்.) வாங்கிப் பிரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புவது தனி ரகம். விற்கிறவருக்கு ரெண்டும் நஷ்டம்தான்.

எவ்வளவு நஷ்டம்? ஒரு கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். ஒரு புடவைக்கு லாபம் 80 ரூபாய், கூரியர் செலவு போக. திரும்பி வந்தால் போக 60, வர 60, மொத்தம் 120 ரூபாய் கையை விட்டுப் போகும். 100 ஆர்டரில் 20 திரும்பினால் 80 புடவையில் 6,400 லாபம், 2,400 நஷ்டம், மிச்சம் 4,000. இப்போ திரும்புவது 20-லிருந்து 12 ஆகக் குறைந்து, அந்த 8 புடவையும் வாங்கினவங்க வீட்டிலேயே தங்கிவிட்டால்? 7,040-ல் 1,440 போக 5,600. இதே 5,600-ஐப் பழைய கணக்கிலேயே சம்பாதிக்க வேண்டுமென்றால் 140 ஆர்டர் பிடிக்கணும். கூடுதலாக 40 ஆர்டர் கொண்டுவருகிற ரெகமண்டேஷன் மாடலை யாராவது இரண்டு செமஸ்டரில் செய்து காட்டட்டும், நான் பிரியாணி வாங்கித் தர்றேன்.

அந்த 8 புடவையைக் காப்பாற்ற என்ன செய்யலாம் என்பதில்தான் சுவாரசியமே இருக்கு. பாதிப் பிரச்சினை முகவரியில் தொடங்கும். "மாரியம்மன் கோவில் பின்னாடி, டீக்கடை எதிர் சந்து" என்பதுதான் நம்ம ஊர் முகவரி. கதவு எண் இருக்காது, பின்கோடு பக்கத்து ஊருடையதாக இருக்கும். தெரு, அடையாளம், ஊர், பின்கோடு என்று இதைப் பிரித்து, ஊரும் பின்கோடும் ஒத்துப்போகாவிட்டால் பார்சல் கிளம்பும் முன்பே வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி கேட்கிற மாடல் போதும். பெரிய ஜிபியு எல்லாம் தேவையில்லை.

அடுத்து நிறம். போட்டோவில் அரக்கு, கையில் வந்தால் மெரூன். இங்கேதான் எனக்குக் கோபமே வருது. ஏஐ என்ற பேரில் கடைக்காரங்களுக்கு முதலில் போய்ச் சேர்ந்தது படம் தயாரிக்கிற கருவிகள். இல்லாத மாடல் பொண்ணு, இல்லாத அரண்மனை, புடவையில் இல்லாத பளபளப்பு. படம் அழகாகும், ஆர்டரும் ஏறும், கூடவே திரும்பி வர்றதும் ஏறும். அதே உழைப்பைப் போட்டு, பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து எடுத்த போட்டோவின் நிறத்தைச் சரிசெய்கிற கருவி செய்தால் கடைக்காரருக்கு நிஜமான லாபம்.

சாட்பாட் விஷயத்திலும் கொஞ்சம் நிதானம் வேண்டும். ஏர் கனடாவின் சாட்பாட் டிக்கெட் சலுகை பற்றி ஒரு பயணிக்குத் தப்பான தகவல் சொன்னது. அதற்கு அந்த நிறுவனம்தான் பொறுப்பு என்று 2024 பிப்ரவரியில் கனடாவில் ஒரு தீர்ப்பாயம் சொல்லிவிட்டது. விமான கம்பெனி அந்தப் பணத்தைக் கட்டிவிட்டுப் போய்விடும். "பிடிக்கலைன்னா முழுப் பணமும் வாபஸ்" என்று பாட் பாட்டுக்கு உளறி வைத்தால் புடவைக் கடை என்ன செய்யும்?

இன்னொரு வழி, யார் பார்சலை வாங்காமல் திருப்புவார்கள் என்று முன்கூட்டியே கணிப்பது. கேஷ் ஆன் டெலிவரியில் இதற்கு மவுசு அதிகம், இதை ஒரு சேவையாகவே விற்கிற கம்பெனிகளும் இருக்கின்றன. இதில் எனக்கு ஒரு பயம் உண்டு. பின்கோடை ஒரு ஃபீச்சராகக் கொடுத்தால் மாடலின் அக்யூரசி ஏறலாம், ஆனால் அந்த ஊரில் நாலு பேர் பார்சலைத் திருப்பியதற்காக ஐந்தாவது ஆளுக்கு கேஷ் ஆன் டெலிவரியே காட்டாது. யுபிஐ இல்லாத பாட்டி, கடைசி பஸ் எட்டு மணிக்கு நின்னுபோகிற கிராமம், இவங்கதான் அதில் முதலில் மாட்டுவாங்க. ஆன்லைன் கடையால் அதிகம் பலன் அடைய வேண்டியவங்களும் அவங்கதான். அதனால் மாடல் சந்தேகப்பட்டால் ஆர்டரை மறுக்கக் கூடாது, ஒரு போன் போட்டுக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் என்பது என் கட்சி. "அனுப்பட்டுமாம்மா?" என்று கேட்க ஆகிற செலவு 120 ரூபாயைவிட ரொம்பக் குறைவு.

தேடலையும் விட்டுவிட முடியாது. மயில் கழுத்து, வாடாமல்லி, மாந்துளிர் என்றெல்லாம் நம்மகிட்ட நிறங்களுக்குப் பெயர் உண்டு. அதையே ஆங்கில எழுத்தில் டைப் பண்ணும்போது ஆளுக்கொரு ஸ்பெல்லிங். பல மொழி தெரிந்த எம்பெடிங் மாடல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன, ஆனால் மயில் கழுத்து என்று தேடினால் பறவை படத்தைக் காட்டாமல் புடவையைக் காட்ட வேண்டுமே! அதற்குப் பெயரும் படமும் சேர்ந்த டேட்டா வேண்டும். அது எந்த வெப்சைட்டிலும் டவுன்லோடுக்குத் தயாராக உட்கார்ந்திருக்காது, தறிக்காரரும் கடைக்காரரும் சொல்லச் சொல்ல நாமதான் எழுதிக்கணும். சேலத்திலிருந்து இளம்பிள்ளைக்கு பஸ் இருக்கு. போகும்போது அந்த வெள்ளைத் தாளையும் எடுத்துட்டுப் போங்க.