ராட்டினத்தை நிறுத்துகிறவர் யார்?

2018ஆம் ஆண்டு மே மாதம் 27ஆம் தேதி, ஆந்திர மாநிலத்து அனந்தபுரம் நகரில் நடந்த ஒரு பொருட்காட்சியில், சுழன்றுகொண்டிருந்த ராட்சத ராட்டினத்தின் பெட்டி ஒன்று கழன்று விழுந்ததில் பத்து வயதுப் பெண் குழந்தை ஒருத்தி உயிரிழந்தாள். வேறு சிலர் காயமுற்றனர். இத்தகைய செய்திகளைப் படித்து, ஐயோ பாவம் என்று ஒரு கணம் வருந்தி, அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுவது நம் வழக்கமாயினும், அந்தச் செய்தியிலிருந்த ஒரு சிறு விவரம் மட்டும் என் நெஞ்சை விட்டு அகலாமலே இருந்து வருகிறது. பெட்டியைத் தாங்கிய போல்ட் தளர்ந்துவிட்டதை அங்கிருந்தவர்கள் விபத்துக்கு முன்பே கண்டு, ராட்டினத்தை ஓட்டியவரிடம் எடுத்துச் சொன்னதாகவும், குடிபோதையில் இருந்ததாகக் கூறப்பட்ட அவர் அதைக் காதில் வாங்காமல் யந்திரத்தை மேலும் ஓட்டியதாகவும் அன்றைய பத்திரிகைகள் எழுதின.

அபாயம் அங்கே ஒளிந்திருக்கவில்லை. கண்டவர்கள் இருந்தார்கள், கண்டதைச் சொல்லவும் செய்தார்கள். ஆனால் சொன்னவர் கையில் விசை இல்லை. விசையைப் பிடித்திருந்தவருக்கு நிறுத்த மனம் இல்லை. கேளிக்கை ராட்டினங்களைப் பற்றிய பேச்செல்லாம் இரும்பின் தரத்தையும் சான்றிதழ்களையும் சுற்றியே நடக்கின்ற இந்நாளில், எச்சரிக்கை காதில் விழுந்த அந்தக் கணத்தில் யந்திரத்தை நிறுத்தும் உரிமை யாரிடம் இருக்கிறது, நிறுத்தினால் அவருக்கு என்ன நஷ்டம் நேர்கிறது என்னும் கேள்வியைத்தான் நாம் முதலில் கேட்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

சென்னையைச் சூழ்ந்துள்ள பெரும் பூங்காக்களைப் போன்றவை நம் கள்ளக்குறிச்சிச் சீமையின் வாழ்வில் இடம் பெற்றவை அல்ல. நம் ஜனங்கள் அறிந்த ராட்டினம் லாரியில் ஏறி ஊர் ஊராக வருவது. சித்திரையில் கூவாகம் போன்ற திருவிழாக்களுக்கும், ஆடியில் அம்மன் கோயில் உற்சவங்களுக்கும், கோடை விடுமுறையில் நகரத்துப் பொருட்காட்சித் திடலுக்கும் வந்து இறங்கி, சில இரவுகள் சுழன்று, மறுபடியும் கழற்றி அடுக்கப்பட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவது. கல்வராயன் மலையின் வெள்ளிமலையிலிருந்தும் கரியாலூரிலிருந்தும் பஸ் ஏறி, வளைந்து வளைந்து இறங்கும் மலைப்பாதையில் கோமுகி அணையைக் கடந்து சமவெளிக்கு வரும் மலையாளிப் பழங்குடிக் குடும்பத்துக் குழந்தைக்கு, ஆண்டில் ஒரு நாள் அந்த ராட்டினத்தின் உச்சியிலிருந்து ஊர் விளக்குகளைக் காண்பது எவ்வளவு பெரிய ஆனந்தம் என்பதை நான் அறிவேன். அந்த ஆனந்தத்தைப் பறிக்க வேண்டும் என்பது என் கட்சியன்று. அது பத்திரமாகக் கிடைக்க வேண்டும் என்பதே.

ஒரு ராட்டினம் பூட்டப்படுவதைப் பகலில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் இரவில் அது சுழல்வதன் உண்மை விளங்கும். லாரியிலிருந்து இறக்கிய இரும்புக் கைகள் வெயிலில் கிடக்கின்றன. அடித்தளத்தின் கீழே மரக்கட்டைகளைச் சொருகி மட்டம் பார்க்கிறார்கள். ஒரு சாக்கைக் கவிழ்த்ததும், பல ஊர்களைக் கண்டு வந்த போல்ட்டுகளும் நட்டுகளும் வாஷர்களும் பின்களும் தரையில் குவிகின்றன. மரை தேய்ந்தது எது, தேயாதது எது என்று அவற்றைப் பிரித்தெடுக்கும் பொறுப்பு, மீசை அரும்பாத ஒரு பையனின் கண்ணையும் கையையும் நம்பி விடப்பட்டிருக்கிறது. அமர்ந்திருப்போரைத் தடுத்துப் பிடிக்க வேண்டிய குறுக்குக் கம்பியின் கொக்கி உடைந்துபோன இடத்தில், நைலான் கயிற்றால் இரண்டு முடிச்சுப் போட்டிருந்ததை நான் ஒரு திடலில் கண்டேன். இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் ஏறலாகாது என்ற பலகை அதே ராட்டினத்தில், டிக்கெட் கிழிப்பவரின் முதுகுக்குப் பின்னால், யாரும் படிக்க இயலாத உயரத்தில் தொங்கிற்று.

இந்த யந்திரங்களுக்குள் நடப்பதைச் சற்று விளக்கமாகவே சொல்ல வேண்டும். நம் திடல்களில் கொலம்பஸ் என்று வழங்கும் கப்பல் ஊஞ்சலை எடுத்துக்கொள்வோம். ஊசலாடும் கை கிடைமட்டம் வரை உயர்ந்து மீளுமானால், அது அடிமட்டத்தைக் கடக்கும் கணத்தில் தாங்க வேண்டிய பாரம், நின்றிருக்கும்போது தாங்கிய பாரத்தைப்போல் 3 மடங்காகும். 50 கிலோ எடையுள்ள ஒருவர் அந்தக் கணத்தில் 150 கிலோவாகக் கனக்கிறார். அந்தக் கனம் ஓர் இரவில் பல நூறு தடவை வந்து வந்து போகிறது. ஒரு கம்பியை இரு கைகளாலும் பிடித்து முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால், பல தடவை ஒன்றும் நேராதிருந்து திடீரென்று ஒரு தடவையில் பட்டென்று முறிவதைப்போல, ராட்டினத்தின் தண்டும் வெல்டிங் இணைப்பும் கண்ணுக்குத் தெரியாத கீறலொன்றை நாள்தோறும் வளர்த்து வந்து, ஒரு நாள் நிறை கூட்டத்தோடு கைவிட்டுவிடுகின்றன. 2019 ஜூலை 14 அன்று அகமதாபாத்தின் காங்கரியா ஏரிக்கரைப் பூங்காவில் ஊசலாடும் ராட்டினம் ஒன்றின் நடுத்தண்டு முறிந்து, ஏறியவர்களோடு தரையில் மோதியது. இருவர் மாண்டனர், இருபதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். ஆகையால், நேற்று ஓடிற்று, இன்றும் ஓடும் என்பதைப் போன்ற ஆபத்தான தர்க்கம் இத்தொழிலில் வேறொன்றும் இல்லை.

யந்திரத்தின் மீதே பழி போடுவதும் நியாயமாகாது. உலகின் முதல் ராட்சதச் சக்கரத்தை 1893-இல் சிகாகோ கண்காட்சிக்காக 264 அடி உயரத்தில் எழுப்பிய ஜார்ஜ் பெர்ரிஸ் என்பவர், பாலங்களுக்கும் ரயில்பாதைகளுக்கும் வேண்டிய இரும்பைப் பரிசோதித்துத் தரம் சொல்வதையே தொழிலாகக் கொண்டிருந்த பொறியாளர். ஒரே சமயத்தில் 2,160 பேரைச் சுமக்கவல்ல அந்தச் சக்கரத்தைப் படைத்தவர் ஒரு பரிசோதகர் என்பதை எத்தனை தடவை சொன்னாலும் தகும்.

நிரந்தரப் பூங்காக்களில் நிலைமை மேலானது என்று எண்ணுவோருக்கும் நம் மாநிலத்துச் சரித்திரம் முழு ஆறுதல் தரவில்லை. 2012-இல் பூந்தமல்லிக்கு அருகிலுள்ள ஒரு பூங்காவில், சுழலும் ராட்டினத்திலிருந்து விழுந்து விமானப் பணிப்பெண் ஒருவர் இறந்தார். 2016 மே மாதத்தில் தாம்பரத்துக்கு அருகில் கிஷ்கிந்தா பூங்காவில், சோதனை ஓட்டத்தின்போது ராட்டினம் சரிந்து, அதில் ஏறியிருந்த ஊழியர் ஒருவர் மாண்டார். மணல் மூட்டைகளை ஏற்றிச் செய்யவேண்டிய சோதனையை மனித உடல்களை ஏற்றிச் செய்வது எந்த விதத்திலும் மன்னிக்கத்தக்கது அன்று. 2019 ஜூனில் குயின்ஸ் லேண்ட் பூங்காவில் உயரத்திலிருந்து விழச் செய்யும் யந்திரத்தின் வடம் அறுந்தது. ஏறியிருந்தோர் உயிர் தப்பியதைத் தெய்வச் செயல் என்றே சொல்ல வேண்டும். 2025 மே 27 அன்று கிழக்குக் கடற்கரைச் சாலையிலுள்ள வி.ஜி.பி. பூங்காவில் ஒரு ராட்டினம் அந்தரத்தில் நின்றுபோய், முப்பதுக்கும் மேற்பட்டோர் தீயணைப்புத் துறையினர் வந்து இறக்கும் வரை சில மணி நேரம் தவித்தனர். இக்கடைசி நிகழ்ச்சியில் யந்திரம் நின்றது. அனைவரும் உயிரோடு இறங்கினர்.

நம் திடல்களில் ஏன் யந்திரம் நிற்பதில்லை? ராட்டினக்காரரைக் கொடியவர் என்று சொல்லிவிட்டால் கேள்வி தீர்ந்துவிடாது. அவர் திடலை ஏலத்தில் எடுக்கிறார். லாரி வாடகை, ஜெனரேட்டருக்கு டீசல், ஆட்களுக்குப் படி எல்லாம் கொடுத்து, ஐந்தாறு இரவுகளில் போட்ட பணத்தை எடுத்தாக வேண்டும். அந்த ஐந்தாறில் கூட்டம் நெருக்கும் இரவு ஒன்றோ இரண்டோதான். கல்வராயன் மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்து, கோடை இடியோடு காற்று எழும்பி, அடிக்கட்டைகளின் கீழே மண் நெகிழத் தொடங்கும் நேரமும் பெரும்பாலும் அந்த இரவாகவே அமைந்துவிடுகிறது. அப்பொழுது நிறுத்தினால் நஷ்டம் முழுவதும் அவருக்கு. நிறுத்தாவிட்டால் அபாயம் முழுவதும் ஏறியவர்களுக்கு. விசையருகே நிற்கும் தொழிலாளியோ தினக்கூலிக்காரர். முதலாளியைக் கேளாமல் நிறுத்தினால் மறுநாள் வேலை இல்லை என்பது அவருக்குத் தெரியும். இப்படி அமைத்து வைத்துக்கொண்டு, எச்சரிக்கையை அவர்கள் மதிக்கவில்லையே என்று அங்கலாய்ப்பதில் பயன் என்ன?

ஏறுகிறவர்களின் பங்கையும் மறைக்க விரும்பவில்லை. கூந்தலைச் சேர்த்து முடிந்துகொள்ள வேண்டும், துப்பட்டாவையும் முந்தானையையும் செருகிக்கொள்ள வேண்டும் என்னும் அறிவுரையை அநேகர் கிழவிகளின் அச்சமாகக் கருதுகிறார்கள். 2019 பிப்ரவரியில் ஹரியானாவின் பிஞ்சோர் தோட்டத்திலும், 2020 அக்டோபரில் ஐதராபாத்தின் புறநகரிலும், கோ-கார்ட் எனப்படும் சிறு பந்தய வண்டியின் சக்கரத்தில் கூந்தல் சிக்கி இரண்டு இளம் பெண்கள் இறந்தார்கள். எனினும் இங்கும், தலைமுடியைச் சரி பார்த்த பின்னரே வண்டியைக் கிளப்புவேன் என்று சொல்ல வேண்டியவர் ஒருவர் இருக்கிறார் அல்லவா? உயரம் போதாத குழந்தையை மடியில் வைத்துக்கொள்கிறேன் என்று தகப்பனார் மன்றாடும்போது, முடியாது என்று சொல்லும் உரிமையும் அவருடையதே.

மலையிலும் இதே கதைதான்; ஏறுகிறவரைத் தடுப்பவரைப் போல, குளிக்கிறவரைத் தடுப்பவரும் அங்கே வேண்டும். கல்வராயன் மலையின் மேகம் அருவியிலும் பெரியார் அருவியிலும் மழைநாளில் நீர் பெருகும் வேகம், அருவியடியில் நிற்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. மேலே எங்கோ பெய்த மழை கீழே வந்து சேர்கிறது. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் அவ்விதம் திடீரென்று வந்த வெள்ளம் ஒரு பள்ளிப் பருவத்துப் பையனை அடித்துச் சென்றது.

எச்சரிக்கையைப் புறக்கணித்தால் நேரும் விளைவைக் கள்ளக்குறிச்சிக்கு வெளியூரார் வந்து விளக்க வேண்டியதில்லை. நம் தாய் மாவட்டமான விழுப்புரத்தின் மரக்காணத்துப் பக்கத்திலும் செங்கற்பட்டு மாவட்டத்திலும் 2023 மே மாதத்தில் மெத்தனால் கலந்த சாராயம் இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அதைவிடத் தெளிவான எச்சரிக்கை ஒன்று இருக்க முடியாது. ஓராண்டு கழித்து, 2024 ஜூனில், நம் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் முதல் மரணங்கள் நிகழ்ந்தபோது, அவை சாராயத்தால் நேர்ந்தவை அல்ல என்றே மாவட்ட நிர்வாகம் முதலில் கூறிற்று. பின்னர் மாண்டவர் தொகை அறுபதைத் தாண்டிற்று. ஆட்சியர் மாற்றப்பட்டார், காவல் கண்காணிப்பாளர் பணியிடை நீக்கம் பெற்றார். கருணாபுரத்துத் தெருவில் வரிசையாக வைத்திருந்த உடல்களைக் கண்ட ஊர், ஒரு ராட்டினத்தின் போல்ட் ஆடுகிறது என்ற சொல்லை அற்பமாக நினைக்கலாகாது.

சட்டமும் விதியும் இல்லாமல் நாம் தவிக்கவில்லை. பொதுமக்கள் கூடும் கேளிக்கை இடங்களுக்கு உரிமம் வேண்டும் என்ற சட்டம் சென்னை மாகாணத்தில் 1888-லேயே இயற்றப்பட்டது; ராட்டினங்களின் அமைப்பு, இயக்கம், பரிசோதனை ஆகியவற்றுக்கென ஐ.எஸ். 15475 என்னும் இந்தியத் தரநிலையும் இருக்கிறது. குஜராத்தில் 2024 மே 25 அன்று ராஜ்கோட் நகரின் கேளிக்கை விளையாட்டுக் கூடம் ஒன்று, தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்றே இல்லாமல் நடந்து, எரிந்து, 27 பேரைப் பலி கொண்ட பிறகே அம்மாநிலம் ராட்டினங்களுக்கும் கேளிக்கை விளையாட்டுக் கூடங்களுக்கும் மாதிரி விதிகளை வகுத்தது. நமக்கு அத்தகைய பலி வேண்டாம்.

மாவட்ட நிர்வாகத்தை நான் கேட்டுக்கொள்வது அதிகமில்லை. சான்றிதழ் யந்திரத்துக்கு ஆண்டுக்கு ஒன்று என்று இராமல், ஒவ்வோர் ஊரிலும் பூட்டி முடித்த பிறகு, ஒவ்வொரு தடவையும் வழங்கப்பட வேண்டும். கழற்றிப் பூட்டிய ராட்டினம் புதிய ராட்டினமே. பரிசோதிக்கும் பொறியாளரின் கட்டணத்தை ராட்டினக்காரர் நேரே கொடுக்காமல், மாவட்ட அலுவலகத்தில் கட்ட, அங்கிருந்து பொறியாளர் பெற்றுக்கொள்ள வேண்டும். திடலில் காவல் பணியில் இருப்பவருக்கு, எவரையும் கேளாமல் ராட்டினத்தை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் எழுத்து மூலம் தரப்பட வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, காற்றுக்கும் மழைக்கும் பழுதுக்கும் அஞ்சி நிறுத்திய இரவுக்குரிய ஏலத்தொகையைக் கோயில் நிர்வாகமும் நகராட்சியும் ஊராட்சியும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இந்தக் கடைசி ஏற்பாடு பலருக்கு விசித்திரமாகத் தோன்றலாம். ஆயினும் நஷ்டத்துக்கு அஞ்சுகிறவரிடம் தைரியத்தை எதிர்பார்ப்பதைவிட, அந்த நஷ்டத்தை ஊரே ஏற்றுக்கொள்வது நியாயமும் ஆகும், மலிவும் ஆகும்.

அதுவரை பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். ராட்டினத்தில் குழந்தையை ஏற்றுமுன், இந்த ஊரில் பூட்டிய பிறகு பெற்ற சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள்; குறுக்குக் கம்பியின் கொக்கியை உங்கள் கையாலேயே ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். ஏதேனும் ஆடுகிறது என்று யாராவது சொல்லக் கேட்டால், டிக்கெட் காசு போனாலும் போகட்டும், குழந்தையை இறக்கிக்கொண்டு, மற்றவர்களும் இறங்கும் வரை அங்கேயே நின்று உரக்கச் சொல்லுங்கள்.